ஏழாம் நம்பர் அறைக்காரர்

கழுத்தில் வலிக்குப் பட்டை கட்டிய அந்த ஆள் மறுபடியும் நீச்சல் குளத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். வெறுங்கால். ஈரமான ஓர் இடம் வந்ததும் நின்று, கட்டை விரலால் தரையைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அலுவலக ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த மோட்டல்காரர் ரமணிக்பாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், திரையை இழுத்து மூடினார், உடனே திறந்தார். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

"ஹன்சா, இங்க வந்து பாரு. ஏழாம் நம்பர் ரூம்காரன் நேத்து வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். இன்னைக்கு இடது கால்!"

"வயசானவரு. ரெண்டு காலும்தான் வலிக்கும்." அவர் மனைவி ஹன்சாபென் துண்டு மடிப்பதை நிறுத்தவில்லை.

"வலியாவது மண்ணாவது. விழறதுக்கு இடம் பார்க்கிறான்! விழுந்துட்டு நேரா வக்கீல்கிட்ட போவான். ரோடு பூரா பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறானுங்களே, 'வழுக்கி விழுந்தீர்களா? உடனே கூப்பிடுங்கள்'னு!"

ஃப்ளோரிடாவில் மோட்டல் நடத்துகிறவர்கள் புயலுக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள். அந்த வக்கீல் விளம்பரப் பலகைகளைப் பார்த்தால்தான் தூக்கம் போய்விடும். ஒரே ஒரு நஷ்ட ஈட்டு வழக்கு போதும், ரமணிக்பாய் பாடுபட்டு வளர்த்த மோட்டல் கை நழுவிப் போய்விடும்.

"இவனுக்குப் போய் குளத்துக்கு எதிர் ரூமை ஏன் கொடுத்தே?"

"அதுதான் காலியா இருந்துச்சு."

போன கோடையில் இதே குளத்தடியில் ஒரு சின்னப் பெண் வழுக்கி விழுந்து முகவாய் கிழிந்தது. ஐஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குக் காத்திருந்தது ஹன்சாபென்தான். அந்த அழுகையை அவளால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து, "தரைக்கு வழுக்காத பூச்சு போடுங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "பிள்ளையை ஓட விட்டது அவங்க அம்மா தப்பு" என்பார் ரமணிக்பாய். கடைசியில் மலிவாக நீலப் பெயின்ட் வாங்கி வந்து தானே அடித்தார். பளபளவென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தண்ணீர் படும் வரைக்கும்.

காலியாகக் கிடந்த கார் நிறுத்துமிடத்தில் ஒரு வேன் வந்து நின்றது. பூச்சு வேலைக்காரர் ரஸ்ஸல். நேற்று ரமணிக்பாயே பதறியடித்துப் போன் செய்து வரச் சொல்லியிருந்தார்.

ரஸ்ஸல் மூன்று மாதிரிப் பலகைகளைக் குளத்தோரம் வைத்து, தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் சன்ஸ்கிரீன் எண்ணெயும் தடவினார். "உங்க விருந்தாளிங்க இதைப் பூசிக்கிட்டுத்தானே நடப்பாங்க? செருப்பைக் கழட்டிட்டு ஏறிப் பாருங்க."

முதல் பலகையில் கால் வைத்ததும் ரமணிக்பாய் சறுக்கி ரஸ்ஸலின் தோளைக் கட்டிக்கொண்டார்.

"இது எப்பாக்ஸி பிசின் பூச்சு. கார் ஷெட்டுக்கு நல்லது. இங்க வெயில்ல மஞ்சளாயிடும், ஈரத்துல இப்படித்தான்."

இரண்டாவது பலகை காலைப் பிடித்தது. பிடித்த பிடியில் ரமணிக்பாய் முகம் சுளித்தார். "அய்யோ, உப்புத்தாள் மேல நிக்கிற மாதிரி இருக்கு."

"பிள்ளைங்க முட்டி தேஞ்சிடும். வேண்டாம்" என்றாள் ஹன்சாபென்.

மூன்றாவது, சன்னமான மணல் கலந்த அக்ரிலிக் பூச்சு. வழுக்கவும் இல்லை, உறுத்தவும் இல்லை. "வெயில்ல ரொம்பக் கொதிக்காது, வருஷக்கணக்கா உழைக்கும்" என்றார் ரஸ்ஸல். "ஆனா இந்த நீலப் பெயின்டை மொத்தமா சுரண்டி, கான்கிரீட்டைத் தேய்ச்சுவிட்டாத்தான் பூச்சு பிடிக்கும்."

ரமணிக்பாய்க்குள் இருந்த கஞ்சன் கண் விழித்தான். "சுரண்டாம அது மேலயே பூசினா என்ன?"

"பெயின்டோட சேர்ந்து இதுவும் உரிஞ்சு வந்துடும்."

"எதுக்கும் யோசிச்சு அடுத்த வருஷம்..."

"ஆ!"

குளத்தின் அந்தப் பக்கம் ஏழாம் நம்பர்காரரின் ஒரு கால் சர்ரென்று முன்னால் போனது. பக்கத்து நாற்காலியைப் பிடித்துத் தொங்கினார். நிதானமாக நிமிர்ந்து, போனை எடுத்துத் தரையைப் படம் பிடித்தார். பிறகு ரமணிக்பாயைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார்.

"கவலைப்படாதீங்க சார். இன்னும் விழலை."

ரமணிக்பாய் ரஸ்ஸலின் கையைப் பிடித்து இழுத்தார். "சுரண்டுங்க! எல்லாத்தையும் சுரண்டுங்க! அந்த மூணாவதே போடுங்க. இன்னைக்கே ஆரம்பிங்க!"

அடுத்த நிமிடமே ஏழாம் நம்பர்காரரிடம் ஓடினார். "சார், குளத்துல வேலை நடக்கப் போகுது. இங்க தங்கினா உங்களுக்குத்தான் தொந்தரவு" என்று கைகூப்பினார். அவரும் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டார். ரமணிக்பாய் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, ரஸ்ஸலோடு தரையை அளக்கப் போனார்.

சாவியைக் கொடுக்க ஏழாம் நம்பர்காரர் பின்பக்கத் துணி துவைக்கும் அறைக்கு வந்தார். ஹன்சாபென் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சுடச்சுட வெந்தயக்கீரை தேப்லா ரொட்டிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

"அடுத்த மாசமும் வாங்க, வெர்னன். மாடிப்படி கைப்பிடி ஆடுது."