சிக்னல் எடுக்காத சிம்

அட்லஸ் மலையடிவாரச் சந்தையில், பாஸ்ஸுவின் போன் கடைக்கு வந்தாள் இத்தோ.

"இத்தாலியில இருக்கிற மகன், பெருநாளைக்கு முகத்தைப் பார்த்தே ஆகணும்னு அடம் பிடிக்கிறான். ஸ்மார்ட் போன் குடு தம்பி."

"இதை எடுத்துக்க அத்தே. மாசக் கட்டண ஒப்பந்தமெல்லாம் வேணாம், ரீசார்ஜ் சிம் போதும். இந்தக் கம்பெனி உங்க ஊர்ல நல்லா எடுக்கும்."

"எது எடுக்காது?"

"அந்த நீலச் சிம். மலை உச்சிக்கு ஏறினாலும் எடுக்காது."

"அதையே போடு."

"கிறுக்கா உனக்கு? அப்புறம் முகத்தை எப்படிக் காட்டுவ?"

"அவன் கேக்கிறது அப்பன் முகத்தை. அவர் மௌத்தாகி எட்டு மாசமாச்சு. தெரிஞ்சா ஓடி வந்துடுவான். கள்ளப் படகுல போனவன், வந்தா திரும்பிப் போக முடியாது. பழைய போன்ல கொழுந்தன்தான் அவரை மாதிரியே இருமி இருமிப் பேசுறான். குரலுக்குக் கொழுந்தன் இருக்கான், முகத்துக்கு நான் எங்கே போவேன்?"