போயிட்டு வாரேன்

நாகல் நகர் ஹார்டுவேர் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த ஸ்டாக் புரோகிராமை மூடும்போதெல்லாம் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது: ‘போயிட்டு வாரேன்.’

“மிஷினு என்னண்ணே, விருந்தாளியா? ஆளுங்க முன்னாடி மானம் போகுது” என்று கடைக்கார ரூபி போனில் கத்தினார்.

அது என்னோடு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த பிரின்ஸின் பழக்கம். புரோகிராம் எந்த வரி வரை ஓடுகிறது என்று பார்க்க இப்படி மெசேஜ் போடுவான். வேலை முடிந்ததும் எடுக்க மாட்டான். எத்தனை தடவை திட்டியிருப்பேன்! போன தவக்காலத்தில் எரியோடு ரோட்டில் லாரி மோதிச் செத்தும் போனான், அம்புட்டு வேலையையும் என் தலையில் கட்டிவிட்டு.

புரோகிராமை வரி வரியாகத் தேடினேன். அந்த வார்த்தை எங்கேயும் இல்லை. இருக்கவும் முடியாது. இந்தப் புரோகிராமை அவன் போன பிறகு முதல் வரியிலிருந்து நானே எழுதினேன். வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓட்டி, மூடினேன். ‘போயிட்டு வாரேன்.’

“எங்கடா வரப் போற? இனிமே போறேன்னே சொல்லித் தொலை!” கீபோர்டை ஓங்கிக் குத்தினேன். இரண்டு பட்டன்கள் தெறித்து விழுந்தன.

மறுநாள் மத்தியானம் ரூபி கூப்பிட்டார்.

“சரியாயிருச்சுண்ணே. நீங்க அனுப்புன பிரின்ஸ் இப்பத்தான் வந்து எடுத்து விட்டாரு.”

நான் யாரையும் அனுப்பவில்லை.

“ஆனா ஒண்ணு.” அவர் குரல் சுள்ளென்று மாறியது. “கடை வாசல்ல நின்னு ‘போறேன்’னு சொல்லிட்டுப் போறாரு. அப்படியாண்ணே சொல்லுவாங்க? வாரேன்னு சொல்லச் சொல்லுங்க அவர.”