ஓட்டை இல்லாத படங்கள்

மேனேஜர் வரதன் ஜெகனின் கேட் பாஸை வாங்கி டிராயருக்குள் போட்டு மூடினார்.

பக்கத்தில் ஈஸ்வரி நின்றிருந்தாள். ஜெகன் அவள் புருஷன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் இந்த வார்ப்பட ஆலையில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை அவனுக்கு. கம்ப்யூட்டர் அறையில் பிரிண்ட் எடுக்கிற வேலை அவளுக்கு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஓட்டை விழுந்த பீஸைக் கேமராவே பிடித்துக் கொடுக்க, ஆலையில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அதைப் பழக்குவதற்காக ஜெகன் ஊற்றிய பம்ப் பாகங்களை முதலில் படம் எடுத்தார்கள். படத்தில் ஓட்டை தெரிந்த இடத்தில் எல்லாம் சமீனா என்கிற பெண் கட்டம் போட்டாள்.

சமீனா போட்ட கட்டங்கள் பதிவாகியிருந்த கோப்பு வடிவம் புதிய மென்பொருளுக்குப் புரியவில்லை. ஒரு சின்ன புரோகிராம் அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வந்த முடிவு, நூற்றுக்கு நூறு ஓட்டை.

மூன்று நாளைக்கு முன்னால் வீட்டில் இதற்குத்தான் சண்டை.

"நூத்துக்கு நூறு ஓட்டைன்னா, நான் இன்னா இரும்பு ஊத்திக்கினு கீறனா, இட்லி ஊத்திக்கினு கீறனா?"

ஈஸ்வரி சிரிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றுவிட்டாள். அதோடு அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

இப்போது, ஒரே நிமிஷம் என்று வரதனிடம் கெஞ்சி, அவர் கம்ப்யூட்டரிலேயே சமீனாவின் பழைய குறிப்புகள், புரோகிராம் மாற்றிய புதிய குறிப்புகள் என்று இரண்டு ஃபோல்டர்களையும் திறந்தாள்.

பழையதில் அறுநூற்று நாற்பது படங்களுக்குக் குறிப்பு இருந்தது. புதியதில் வெறும் முப்பத்தேழு.

மீதி எங்கே?

பழையதில் மட்டும் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தாள். காலி. அடுத்ததும் காலி. ஓட்டை இல்லாத படத்தில் சமீனா எதற்குக் கட்டம் போடுவாள்? கட்டம் இல்லாத படத்தை எல்லாம் ஒன்றுமில்லை என்று புரோகிராம் தள்ளிவிட்டிருந்தது. அறுநூற்று மூன்று நல்ல பீஸ் கணக்குக்கே வரவில்லை, ஓட்டை விழுந்த முப்பத்தேழு மட்டுமே வந்திருந்தன.

அவன் கையில் தப்பில்லை. திரையை வரதன் பக்கம் திருப்பினாள்.

வரதன் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். டிராயரைத் திறந்து பாஸை ஜெகனிடம் நீட்டினார். அந்தப் புரோகிராமை எழுதியவன் எவனாக இருந்தாலும் இன்றைக்கே வெளியே போக வேண்டும் என்று கத்தினார்.

போன உயிர் திரும்பிய ஜெகனும் சேர்ந்துகொண்டான். அரைவேக்காடு என்றான், தறுதலை என்றான், பொறம்போக்கு என்றான். அதற்கு மேல் சொன்னவை எழுத்தில் அடங்காது.

ஒவ்வொரு வசவும் ஈஸ்வரிக்கு இனித்தது. மூன்று நாள் கழித்து இப்போதுதான் அவன் குரல் பழையபடி கேட்கிறது. அவன் மூச்சு வாங்குகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"அந்தப் புரோகிராம எழுதுனது நாந்தான், சார்."