கைப்பிடிக்குள் இருந்த பல்

சமையலறைச் சுவரில் கத்தரிக்கோலும் சோடா ஓப்பனரும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கின.

"அக்கா, உன் கைப்பிடிக்குள்ளயும் மூடி திறக்கிற பல் இருக்கே! பூங்கோதையம்மா பார்த்துட்டா என் கதி?" ஓப்பனர் நடுங்கியது.

"பால் பாக்கெட் வெட்டுறதைத் தவிர அவங்க என்கிட்ட எதையும் கேட்டதில்லை. பயப்படாதே."

அன்றே விருந்தாளிகள் வந்தார்கள். பாக்கெட்டை வெட்டிய கையோடு பூங்கோதை அந்தப் பல்லைப் பார்த்துவிட்டாள். அதாலேயே சோடாவைத் திறந்தாள்.

மறுநாளிலிருந்து கத்தரிக்கோல் பாதாம் உடைத்தது, மீன் செதில் சுரண்டியது, கோழி எலும்பு நறுக்கியது. பத்தாம் நாள் பால் பாக்கெட் வெட்டுப்படாமல் பிய்ந்து, அடுப்பெல்லாம் பால்.

"பாக்கெட் வெட்டக்கூட லாயக்கில்லை!" கத்தரிக்கோல் குப்பைக்குப் போனது.

ஆணிக்குப் புதுக் கத்தரிக்கோல் வந்தது. "எனக்கு ஏழு வேலை தெரியும்!" என்றது.

ஓப்பனர் பதறியது. "மெதுவாப் பேசு தங்கச்சி, அம்மா இங்கதான் இருக்காங்க."