சேர்மக்கனியின் கடைவாய்ப்பல்

சேர்மக்கனிக்குக் கட்டிய கடைவாய்ப்பல் மூன்றாவது முறையாக உடைந்துவிட்டது. பீங்கான் சிதறிப்போய் உள்ளே இருந்த உலோகம் மட்டும் தெரிந்தது.

"எலும்பு கடிச்சீங்களாக்கா? இல்ல, சோடா மூடியத் திறந்தீங்களா?" என்று கேட்டார் பல் டாக்டர் ரெக்ஸலின்.

"கஞ்சி குடிக்கவளுக்கு எலும்பு எங்கேருந்து வரும், டாக்டரம்மா?"

கட்டிய பல்லுக்குள் வைத்திருந்த சிறு உணர்கருவி பதிந்த அழுத்தத்தை டாக்டர் திரையில் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றுமில்லை. தூக்கத்திலும் நறநறப்பு இல்லை. காலை ஆறிலிருந்து பதினொன்று வரை மட்டும், தினமும் முந்நூறு தடவை, பல் நொறுங்கும் அளவுக்கு அழுத்தம்.

"அந்த நேரத்துல என்ன செய்வீங்க?"

"உப்பளத்துல மூட்டை தூக்குவேன். மூச்சப் பிடிக்கையில பல்லு தானா இறுகும்."

"அங்கதான் மூட்டை தூக்க மிஷின் வந்திருச்சே?"

"அது சேத்துல புதைஞ்சி நிக்கும். நாங்கதான் சுமக்கோம். ஆனா மிஷினு தூக்குது, பொம்பளைக வேடிக்கை பாக்காளுவன்னு உப்பளத்துக்காரவ எழுதி, தொழிலாளி பட்டியல்லேருந்து எங்க பன்னெண்டு பேரையும் எடுத்துட்டாவ. நாளைக்கு லேபர் ஆபீசுல விசாரணை. சுமந்ததுக்குச் சாட்சி கேக்காவ."

டாக்டர் நான்கு வருடப் பதிவையும் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"புதுப் பல்லு தயாரா இருக்கு. இப்பவே மாட்டிரலாமா?"

"நாளான்னைக்கு வாரேன். நாளைக்கு இந்த உடைஞ்ச பல்லோடயே போய் நிக்கேன்."

தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சேர்மக்கனி எழுந்தாள். வாசலில் திரும்பி, "அடுத்ததக் கெட்டியா போடுங்க. இன்னும் பதினஞ்சு வருசம் தூக்கணும்" என்றாள்.