நட்சத்திரக் கேரட்

"இன்னைக்கும் டப்பாவா?" என்றார் தலைமை எழுத்தர்.

கேட்டது தபால் பிரிவுப் பெண்ணிடம். அவள் சாப்பாட்டு அறை மூலையிலிருந்த மைக்ரோவேவ் அடுப்புக்குள் தன் ரெடிமேட் சாப்பாட்டு டப்பாவை வைத்துக் கதவைச் சாத்தினாள். அது சுற்ற ஆரம்பித்தது. அவரும் ஆரம்பித்தார்.

"வீட்டுல எத்தனை பேர்?"

தினமும் கேட்கிற கேள்விதான்.

"நானும் அப்பாவும் சார்."

"ரெண்டே பேர். அந்த ரெண்டு பேருக்குச் சமைக்க உனக்குக் கை வலிக்குது."

"ரெண்டு பேருக்கு ஒரு முட்டைக்கோஸ் வாங்கினா பாதி அழுகித்தான் சார் போகுது. கேஸ், எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பாத்தா எங்களுக்கு இதுதான் கட்டுப்படி ஆகுது."

"மனசு இருந்தா எதும்மா அழுகுது?"

முட்டைக்கோஸுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. ஜீப் டிரைவர் மட்டும் பலமாகத் தலையாட்டினார். அவருடைய லீவு லெட்டர் தலைமை எழுத்தரின் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

தலைமை எழுத்தர் அவளுக்கு வைத்த பெயர் 'டப்பாப் பொண்ணு'. ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர் 'கைப்பக்குவம்'. வாயைத் திறந்தால் மனைவியின் கைப்பக்குவம்தான். மற்றபடி, அவர் தன் வீட்டு அடுப்படிக்குள் கடைசியாக நுழைந்தது குடிவந்த அன்றைக்கு. அதுவும் பாத்ரூம் என்று நினைத்து.

"இந்த மெஷின் இருக்கறதாலதான் இந்தக் கூத்தெல்லாம். வெள்ளிக்கிழமை மீட்டிங்ல இதை எடுக்கச் சொல்லி மனு கொடுக்கப் போறேன்."

அவள் விடிவதற்குள் எழுந்து, அப்பாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஒரு நாளில் சூடாக அவள் வயிற்றுக்குள் போவது இந்த ஒரு டப்பாதான்.

"வேண்டாம் சார். அது பாட்டுக்கு மூலையில கிடக்கட்டும்."

"அப்போ ஒரு பந்தயம். நாளைக்கு உனக்கும் சேர்த்து என் வீட்டுச் சாப்பாடு கொண்டு வர்றேன். உன் டப்பாவையும் பக்கத்துல வெச்சுச் சாப்பிட்டுப் பாரு. ரெண்டும் ஒண்ணுதான்னு நீ நிரூபிச்சுட்டா மனுவைக் கிழிச்சுப் போடறேன். முடியலேன்னா, மனுவுல முதல் கையெழுத்து உன்னோடது."

மறுநாள் சாப்பாட்டு அறையில் உட்கார இடமில்லை. பந்தயம் என்றால் ஆபீஸில் எல்லோருக்கும் சரியான நேரத்துக்குப் பசிக்கும்.

தலைமை எழுத்தர் எவர்சில்வர் பாத்திரத்தின் மூடியைத் திறந்து வைத்தார். சாதத்தின் மேல் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள்.

"பாத்துக்கோ. கேரட். ஒவ்வொண்ணையும் நட்சத்திரமா நறுக்கியிருக்கா. அச்சுல வார்த்த மாதிரி எல்லாம் ஒரே அளவு. எந்த மெஷினுக்கு வரும் இது? இதுக்குப் பேருதான் கைப்பக்குவம்."

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். கொஞ்சம் யோசித்தாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு தன் டப்பாவின் மூடியை ஒரு ஓரமாகத் தூக்கி உள்ளே பார்த்தாள். பார்த்த வேகத்தில் அழுத்தி மூடினாள்.

"ஏன் மூடிட்டே?"

"தேவையில்ல சார். நான் தோத்துட்டேன்."

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. தலைமை எழுத்தர் மட்டும் அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார்.

"ஜெயிச்சாச்சு. இந்தா, டப்பாப் பொண்ணு பேசுறா." போனை அவளிடம் நீட்டினார். "எப்படி இருந்ததுன்னு உன் வாயால சொல்லு."

அவள் ஜன்னல் பக்கமாக நகர்ந்து போனாள்.

"ஸ்பீக்கர்ல போடலையேம்மா?" அந்த அம்மாளின் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"இல்லக்கா."

"உன் டப்பாவுலயும் நட்சத்திரம்தானா?"

"ஆமாக்கா. அதேதான்."

"நெனச்சேன். கடையில இந்த வாரம் விலை குறைச்ச டப்பா அது ஒண்ணுதானே. சொல்லிட்டியா?"

"மூடி வெச்சுட்டேன்க்கா."



"வலது மணிக்கட்டுல நரம்பு கோளாறும்மா. ஏழு மாசமா கத்தி பிடிக்க முடியல. வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னேன். ரெண்டு பேருக்குச் சமைக்க வலிக்குதான்னாரு. அதோட சொல்றதை விட்டுட்டேன். டாக்டர் மாட்டிவிட்ட கறுப்புப் பட்டையோடதான் தினமும் பரிமாறுறேன். அவரு அதை வாட்ச்னு நெனச்சுட்டு இருக்காரு. போன வாரம் மணி என்னன்னு கேட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"என்ன சொல்றா?" என்றார் தலைமை எழுத்தர்.

"கேரட் நறுக்கறதைப் பத்திச் சொன்னாங்க சார்."

"நல்லாக் கேட்டு வெச்சுக்கோ. உனக்கு உபயோகப்படும்."

மனுவை அவள் முன்னால் தள்ளி, பேனாவைத் திறந்தும் கொடுத்தார். பக்கத்திலேயே அவளுடைய டப்பா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்த மூடியைத் தூக்கிக் காட்டினால் போதும், மனு குப்பைக்கூடைக்குப் போய்விடும். அவள் டப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"இப்பவாவது புரிஞ்சுதா, கைப்பக்குவம்னா என்னன்னு?"

"நல்லாப் புரிஞ்சுது சார்." பேனாவை மூடி அவரிடம் கொடுத்தாள். "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அக்கா கையில ஒரு கறுப்பு வாட்ச் கட்டியிருக்காங்களே, அதுல மணி என்னன்னு கொஞ்சம் பாருங்க."