இலை வாடாத மருந்து

பீரோப் பூட்டை மாற்றினால் திருட்டு நின்றுவிடும் என்று நம்புகிறாரே, இந்த மனுஷன். சாவியை எங்கே ஒளித்தாலும் எனக்குத் தெரியாமல் போய்விடுமா?

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் அவள் மீன் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். கணவர் புதுச் சாவியைப் புழுத் தீனி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, விரலை முகர்ந்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

வண்ண மீன் கடை அவள் பெயரில்தான் இருந்தது. பலகையில் இருந்த ‘மீன் டாக்டர்’ பட்டம் மட்டும் அவருக்கு. கொடுத்தவரும் அவரே.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டால் மருந்து ஊற்ற வேண்டும்; ஊற்றினால் தொட்டிக்குள் வளரும் செடிகள் அழுகிவிடும். மீனா, செடியா என்று இந்தத் தொழிலில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ள, இவர் மட்டும் ஒரு நீல மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். கடைத் தொட்டியிலேயே மூன்று முறை ஊற்றிக் காட்டினார். மீன்கள் பிழைத்தன, ஓர் இலைகூட வாடவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

பாட்டில் பீரோவுக்குள் போனது. அப்படியும் ஒருநாள் மூடி கோணலாகத் திருகியிருந்தது. அவருடைய சந்தேகம் அடுத்த தெருவில் மீன் கடை வைத்திருக்கும் மச்சினன் மேல் பாய்ந்தது. அவனும் சும்மா இருந்தானா? “அக்கா, மாமாவுக்குத் தெரியாம ஒரு சின்ன பாட்டில்ல ஊத்திக் கொடேன்” என்று வாய்விட்டே கேட்டிருந்தான்.

மதியம் அவர் சாப்பிட்டுக் குறட்டை விட ஆரம்பித்ததும் அவள் பீரோவைத் திறந்தாள். புதிதாகக் கலக்கி வைத்திருந்த மருந்தைக் கடைசிச் சொட்டுவரை வேறொரு பாட்டிலில் சாய்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். காலியான பாட்டிலில் எதையோ ஊற்றி நிரப்பினாள். இந்த வேலை அவளுக்குப் பழகிவிட்டது.

மாலையில் மருந்துக் கம்பெனிக்காரர் பத்திரத்தோடு வந்தார். மருந்தை விற்கக் கடைக்காரியின் கையெழுத்து வேண்டும், பின்னால் புகார் ஏதும் வந்தால் பொறுப்பும் அவளுடையதுதான் என்று பணிவாக விளக்கினார்.

கணவர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

“வேண்டாங்க. நான் போடல.”

அவர் அவளை உள்ளே இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தார். “என் மருந்தை உன் தம்பிக்குக் கொடுத்துட்டே. அதானே?”

அவள் பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகினாள்.

மீன்களைப் பிழைக்க வைத்தது, அவள் தினமும் மாற்றிய தண்ணீரும் ஹீட்டரில் கூட்டி வைத்த சூடும்தான். அவருடைய அசல் மருந்தோ, அவர் ஊற்றிக் காட்டுவதற்கு முன்பே அவள் ரகசியமாகச் சோதித்துப் பார்த்த செடிக்கொத்தை ஒரே நாளில் கூழாக்கியது. அன்று முதல் அது சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

புருஷன் மனம் நோகக் கூடாதென்று பாட்டிலில் கேக்குக்குப் போடும் நீலக் கலரைக் கரைத்து வைக்கலாம்; அதையே மருந்தென்று விற்க எந்தப் பெண்டாட்டி கையெழுத்துப் போடுவாள்?